உள்ளேன் டீச்சர்

கணக்கு டீச்சருக்கு ஒரு சொல்லைக் கேட்டாலே எரியும்: அழைத்தல்.

பெரிய சிஸ்டர் தலைமையாசிரியராக வந்த நாளிலிருந்து அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து ஹாலில் நாற்காலி அடுக்க வேண்டுமா? "டீச்சர், நமக்கு இது வேலையில்ல, அழைத்தல்." இரண்டு வகுப்பை ஒரே அறையில் அடைத்து ஒருத்தியே மேய்க்க வேண்டுமா? அழைத்தல். குழாயடியில் நின்று பிள்ளைகள் தண்ணீரை வீணாக்காமல் காவல் காக்க வேண்டுமா? அதற்கும் ஆண்டவர்தான் மெனக்கெட்டுக் கூப்பிட்டிருக்கிறார். சிஸ்டர்கள் மடத்தில் சேர்ந்தபோது அவர்களை ஆண்டவர் அழைத்திருக்கலாம். டீச்சரை அழைத்தது ஒரு பழுப்பு நிற நேர்முகத் தேர்வுக் கடிதம். அதையும் தபால்காரர் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. டீச்சரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் மைனஸ். எதோடு சேர்ந்தாலும் குறைத்துவிடுவாராம். அது காதில் விழுந்த அன்று, "குறியீடாவது சரியா தெரியுதே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையைத் துடைத்தார்.

யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கிற வகுப்பில் பெயரைச் சொன்னால் மூன்று தலை நிமிரும், எண்ணைச் சொன்னால் ஒரு தலைதான் என்பது அவர் கணக்கு. காலையில் பதிவேட்டைத் திறந்தால் எண்கள் சரசரவென்று விழும். ஒவ்வொன்றுக்கும் உடனே "உள்ளேன் டீச்சர்" வந்தாக வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தாலும் அன்றைக்கு ஆப்சென்ட். அழுது புரண்டாலும் மாற்ற மாட்டார். பிள்ளைகளுக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் யாரோ, "பதினேழு வருது!" என்று கத்த, பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "உள்ளேன் டீச்சர்!" என்று எழுந்து நின்று ஊரைச் சிரிக்க வைத்தாள். அவள்தான் பதினேழு. கணக்கில் மகா மோசம்.

அந்தப் பதினேழால்தான் வந்தது வினை. பள்ளி வாசலில் ஒரு பலகை உண்டு. 'தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் நூற்றுக்கு நூறு தேர்ச்சி.' அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பெரிய சிஸ்டர் டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஏழு படிவங்கள். ஏழும் டி.சி. 'பெற்றோர் விருப்பப்படி பள்ளி மாறுகிறார்' என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தது. வகுப்பாசிரியர் கையெழுத்துக்கு மட்டும் இடம் காலி.

"இந்த ஏழு பேரும் தேற மாட்டாங்க டீச்சர். வேற ஸ்கூல்ல எழுதட்டும். பேரன்ட்ஸ்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"பரீட்சைக்கு மூணு மாசம்தான் இருக்கு சிஸ்டர். இப்போ எந்த ஸ்கூல் சேத்துக்கும்?"

"ஆண்டவர் ஒரு வழி காட்டுவார்."

"அவர் காட்டின வழிதானே இது? இங்கதானே வந்து சேந்திருக்காங்க?"

பெரிய சிஸ்டர் சிரித்தார். பல் தெரியும், கண் சிரிக்காது. அப்படி ஒரு சிரிப்பு. "அடுத்த வாரம் மதர் வர்றாங்க. அதுக்குள்ள முடிச்சுக் குடுங்க. உங்க அழைத்தல நினைச்சுப் பாருங்க."

டீச்சர் படிவங்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், சண்டை என்றாலே ஆகாது. "போட்டுக் குடுத்துட்டு நிம்மதியா இரேன். ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம்தானே?" என்றார்.

"கண்ணு சரியா தெரியலன்னு ஒருத்தன் வந்தா, கடைய விட்டுத் துரத்துவீங்களா?"

ஏழு படிவமும் கையெழுத்தில்லாமலே பைக்குள் கிடந்தன.

மதர் என்பவர் இந்த சிஸ்டர்களின் சபைக்கே தலைவி. அவர் வருகிற நாளில் பள்ளிச் சிற்றாலயத்தில் திருப்பலி நடக்கும். அதில் ஆசிரியர் ஒருவர் மன்றாட்டுகளை, அதாவது பொது வேண்டுதல்களை, வாசிப்பார்; ஒவ்வொன்றுக்கும் எல்லாரும் பதில் சொல்வார்கள். இந்த முறை அது கணக்கு டீச்சர். மன்றாட்டை யாரும் காதில் வாங்குவதில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். போன வருடம் பி.டி. மாஸ்டர் ஒரே மன்றாட்டை இரண்டு முறை வாசித்தார். ஃபாதர் உட்பட எல்லாரும் இரண்டு முறையும் பக்தியோடு பதில் சொன்னார்கள்.

டீச்சர் தன்னிடம் கொடுத்திருந்த தாளில் இருந்ததை ஒழுங்காக வாசித்தார். திருச்சபைக்காக ஒன்று, நாட்டுத் தலைவர்களுக்காக ஒன்று, நோயாளிகளுக்காக ஒன்று. பிறகு தாளை மடித்தார்.

"பரீட்சைக்கு முன்பாக இந்தப் பள்ளியிலிருந்து அனுப்பப்படவிருக்கும் எங்கள் பிள்ளைகளுக்காக. நான்கு..."

மூச்சு வாங்கத்தான் நிறுத்தினார். ஆனால் பின்வரிசையிலிருந்து கணீரென்று வந்தது: "உள்ளேன் டீச்சர்!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இதை அவர் திட்டமிடவில்லை. ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை.

"ஒன்பது."

"உள்ளேன் டீச்சர்."

"பதினேழு."

"உள்ளேன் டீச்சர்!" பஸ் நிறுத்தத்தில் கத்திய அதே குரல்.

ஏழு எண், ஏழு பதில். "இவர்களை ஏற்றுக்கொள்ள எங்காவது ஒரு பள்ளி கிடைக்க வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயில் முழுக்க முழங்கியது. பழக்கதோஷத்தில் எல்லாரையும் விட உரக்கச் சொன்னவர் பெரிய சிஸ்டர். பாதியில் உறைத்தது, மீதியை விழுங்கினார். முதல் வரிசையில் இருந்த மதர் திரும்பி, பின்வரிசையை நிதானமாகப் பார்த்தார்.

திருப்பலி முடிந்து வராந்தாவில், "எங்க போறாங்க அந்தப் பிள்ளைங்க?" என்று மதர் கேட்டார்.

"எங்கயும் போகல மதர்" என்றார் பெரிய சிஸ்டர். முகத்தில் ஈயாடவில்லை.

மதரின் கார் வாசலைத் தாண்டியதும் டீச்சரைப் பிடித்துக்கொண்டார். "கோயில்ல நின்னு அட்டென்டன்ஸ் எடுக்கிறீங்களா? என்ன திமிர்!"

"நீங்கதானே சிஸ்டர் அழைத்தல் அழைத்தல்னு உயிர வாங்கினீங்க? எனக்குத் தெரிஞ்ச அழைத்தல் அது ஒண்ணுதான்."

ஏழு பேரும் பரீட்சை எழுதினார்கள். மூன்று மாதம் டீச்சர் அவர்களைக் காலை ஏழரைக்கே வரவைத்து, காதைத் திருகாத குறையாகக் கற்றுக்கொடுத்தார். ஆறு பேர் தேறினார்கள். பதினேழுக்கு நாலு மார்க் போதவில்லை.

வாசல் பலகைக்கு வெள்ளையடித்தார்கள். பள்ளி திறந்த அன்று, பெரிய சிஸ்டர் டீச்சரின் கையிலிருந்த வருகைப் பதிவேட்டைத் தானே வாங்கிக்கொண்டார். "வயசாகுது உங்களுக்கு. லைப்ரரில உக்காருங்க. வகுப்பு வேண்டாம்." இருபத்தெட்டு வருடத்தில் அன்றுதான் முதல் முறையாக டீச்சர் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

லைப்ரரி என்பது பெரிய சிஸ்டரின் அறைக்கு அடுத்த அறை. நான்கு பீரோ, ஒரு மேசை. மறுநாள் காலை அங்கே பதினேழு வந்து நின்றாள். மறுதேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

"என்னாலதான் டீச்சர் உங்க வகுப்பு போச்சு. போர்டும் போச்சு."

"போர்டு போனா பெயிண்டர் இருக்கான். உக்காரு. புத்தகத்த எடு."

அவள் உட்கார்ந்தாள். டீச்சர் மேசையில் பழக்கத்துக்குக் கையை வைத்துத் தடவினார். பதிவேடு இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"பதினேழு."

"உள்ளேன் டீச்சர்."

"சத்தம் பத்தல. பக்கத்து ரூமுக்குக் கேக்கணும்."