அக்கா மாற்றிச் சொன்ன கார்ட்டூன்

சுரங்கக் கம்பெனி கொடுத்த எங்கள் லைன் வீட்டுக்குக் கேபிள் வந்ததும் அக்காவுக்கு மவுசு கூடிவிட்டது. எங்கள் இருவரில் அவள்தான் இங்கிலீஷ் மீடியம். ஒரு பிள்ளையைத்தான் அப்படிப் படிக்க வைக்க முடியும் என்று நைனா என்னைத் தமிழ்ப் பள்ளியில் போட்டிருந்தார். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரும் இங்கிலீஷ் கார்ட்டூன் தொடரை அக்கா சொல்லச் சொல்லத்தான் நான் பார்ப்பேன்.

ஒரு குடும்பத்தின் கூத்துதான் கதை. தொப்பை அப்பா, கத்துகிற அம்மா, பெரிய பெண், வால்பையன் ஒருவன். அக்கா வாயில் அவர்கள் எல்லோரும் எங்களைப் போலக் கோலார் தங்கவயல்காரர்கள் ஆகிவிடுவார்கள். "நைட் ஷிப்டு முடிச்சிகினு வந்தா சோறு கூட ஆக்கலையான்னு கேக்கறான்" என்பாள். அந்தத் தொப்பைக்காரர் தினமும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கிச் சுரங்கத்துக்குப் போகிறார் என்றே நான் நம்பினேன். எனக்குத் தெரிந்த அப்பாக்கள் எல்லாம் அங்கேதானே போனார்கள்! நைனாகூடச் சிரிப்பார். "இங்க ஒண்ணொண்ணா மூடறானுங்க, அந்த ஊர்லயாவது மைன்ஸை மூடாம ஓட்டறானுங்களா, கேளு" என்பார்.

ஒரு வாரம் அந்தப் பெரிய பெண் பெட்டியில் துணிகளை அடுக்கினாள். அவள் போகக்கூடாது என்று தம்பிக்காரன் அவளுடைய ஷூவைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் ஒளித்தான். அவள் அதைக் கண்டுபிடித்து, அவனை வாசல் படியில் உட்காரவைத்து வெகுநேரம் பேசினாள். வழக்கமாகப் பின்னால் கேட்கும் சிரிப்புச் சத்தம் அப்போது வரவில்லை.

"இன்னாக்கா சொல்றா?" என்று அக்காவை இடித்தேன்.

அவள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "டூர் போறாளாம். ரெண்டு நாள்ல வந்துடுவேன், அழுவாதன்றா" என்றாள்.

"அதுக்கா இவ்ளோ நேரம்?"

"இங்கிலீஷ்ல அப்டித்தான், இழுத்து இழுத்து பேசுவாங்க."

அக்கா சொன்னால் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

அப்போது அவள் பெங்களூரில் ஓர் ஆபீசில் வேலை பார்த்தாள். கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ரயிலேறிப் போய் ராத்திரி திரும்புவாள். அந்தக் கார்ட்டூனுக்கு அடுத்த வாரமே ஒருநாள் எனக்குத் தலை பின்னிவிட்டு, "வரும்போது பப்ஸ் வாங்கினு வரேன் பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். வரவேயில்லை. கடைசி ரயில் வரைக்கும் நைனா ஸ்டேஷனில் நின்றார். மறுநாள் தெருமுனைக் கடைக்கு அவளிடமிருந்து போன் வந்தது. ரயில் சிநேகிதம், வேறு சாதி, ரிஜிஸ்டர் கல்யாணம்.

அம்மா வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். சாதி, கல்யாணம் எதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. வரமாட்டோம் என்று தெரிந்துகொண்டே பப்ஸ் வாங்கி வருகிறேன் என்றாளே, அதுதான் வயிற்றெரிச்சல். கூடவே படுத்து, ஒரே போர்வையில் தூங்கி, நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டுப் போயிருந்தாள்.

கதை சொல்ல ஆள் இல்லாமல் போன பிறகு வீம்புக்கே இங்கிலீஷ் கற்றேன். பி.யு.சி. படிக்கும்போது, இன்ஜினியரிங் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்த சிநேகிதி வீட்டு டிவியில் அந்தத் தொடரை மறுபடி போட்டார்கள். அந்தத் தொப்பைக்காரர் சோபா விற்கிறவராம்! விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் அந்த ஷூ கதையே வந்தது. அந்தப் பெண் வாசல் படியில் தம்பியிடம் பேசினாள். எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

நான் ஒரேயடியாகப் போகிறேன், திரும்ப மாட்டேன், அம்மா அப்பாவுக்குக்கூட இன்னும் தெரியாது, நீதான் ரொம்ப அழுவாய், அதனால் உன்னிடம் முதலில் சொல்கிறேன் என்றாள் அவள்.

"இன்னாடி, கார்ட்டூன பாத்து அழுவுற?" என்றாள் சிநேகிதி. எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் ஆத்திரம். கோடு போட்டு வரைந்த பொம்மைக்குக்கூடத் தம்பியிடம் சொல்லிக்கொண்டு போகத் தெரிந்திருக்கிறது. என் அக்கா அதைப் பார்த்துக்கொண்டே என்னிடம் டூர் என்று புளுகியிருக்கிறாள்.

கடைசிச் சுரங்கத்தையும் மூடி நைனா வீட்டில் உட்கார்ந்த வருஷம், அக்கா இடுப்பில் குழந்தையோடு வந்தாள். பெத்த மனம் பித்து. அம்மா பேரனை வாங்கிக் கொஞ்சினாள், நைனா கறி வாங்க ஓடினார். நான் அக்காவைச் சமையலறையில் மடக்கி அந்த ஷூ கதையைக் கேட்டேன். மறந்திருப்பாள் என்று நினைத்தேன். அவளுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

"உன்னாண்ட சொல்லியிருந்தா நீ அழுதிருப்ப பாப்பா" என்றாள். "நீ அழுதா நான் போயிருக்க மாட்டேன்."

என்மேல் எவ்வளவு பாசம் என்று காட்டத்தான் அதைச் சொன்னாள். என்னால் அவளை நிறுத்தியிருக்க முடியும், அது அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் சொல்லவில்லை. கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.