பை இல்லாத கோட்டு

டைலர் கடையிலிருந்து வந்த பார்சலைப் பிரித்து, அந்தக் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு அப்பா கண்ணாடி முன்னால் நின்றபோது எனக்குச் சுர்ரென்று ஏறியது. கழுத்து மூடிய கோட்டு. கை ஒரு விரல் அளவு குட்டை. மேலே, கீழே, உள்ளே என்று எங்கு தடவினாலும் ஒரு பை கிடையாது. நிறத்தை மட்டும் வெள்ளையாக்கினால், ஊட்டியில் ஒரு கிளப்பில் முப்பத்தொரு வருஷம் பேரராகப் பரிமாறிய அதே அப்பா. நாளை மறுநாள் நாங்கள் கொச்சியில் கப்பல் ஏற வேண்டும்.

அந்தக் கப்பலில் பரிமாறுகிறவன் என் தம்பி. இங்கேயே கேட்டரிங் படித்துவிட்டு அவன் கப்பல் வேலைக்குக் கிளம்பிய அன்று வீட்டில் பெரிய சண்டை. "தட்டுத் தூக்கறது என்னோட போகட்டும்டா" என்றார் அப்பா. "நீங்க தூக்குன தட்டுலதானுங்க நாங்க வளந்தோம், அதுல என்னங்க கேவலம்?" என்றான் அவன். அதோடு பேச்சு நின்றது. நாலு வருஷத்தில் இரண்டு முறை லீவில் வந்தான். இரண்டு முறையும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு என் மூலமாகத்தான் இருவரும் பேசிக்கொண்டார்கள். அம்மா இருந்திருந்தால் அவள் பார்த்திருப்பாள். அவள் போன பிறகு அந்தத் தபால்காரி வேலையும் என் தலையில்தான்.

போன மாசம் தம்பியிடமிருந்து செய்தி வந்தது. வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்குச் சலுகை டிக்கெட் கிடைத்திருக்கிறது. பயணத்தின் மூன்றாம் நாள் இரவுச் சாப்பாடு மட்டும் பெரிய சாப்பாட்டு ஹாலில். ஆண்களுக்குக் கோட்டு, மூடிய ஷூ கட்டாயம். அவன் பார்க்கும் மேசைகளில் ஒன்றை எங்களுக்காகக் கேட்டு வாங்கியிருந்தான். கடைசியில் எனக்கு மட்டும் ஒரு வரி: "அப்பா உக்காரணும், நான் பரிமாறணும். அதுக்கு வரலீன்னா நான் இனி ஊருக்கு வரப் போறதில்லக்கா."

அந்தக் கடைசி வரியை மறைத்துவிட்டு மற்றதைக் காட்டினேன். அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்குக் கிட்டத்தில் ஒரு எழுத்தும் தெரியாது. கிளப்பில் அது தேவைப்பட்டதே இல்லை. மெனு முழுவதையும் மனப்பாடமாகச் சொல்வார். சாயங்காலங்களில் வாசலில் நின்று, யார் கோட்டு இல்லாமல் வந்தாலும் அலமாரியிலிருந்து இரவல் கோட்டு எடுத்துக் கொடுத்தது அவர்தான். ஆளைப் பார்த்ததுமே அளவு சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு உடுப்பைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? வருகிறேன், வரவில்லை என்று அவர் எதுவும் சொல்லவில்லை. "கோட்டு தெச்சாகணும்" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது என் முட்டாள்தனம்.

அப்பா கழற்றிவைத்த கோட்டை மறுபடி பார்சலாகச் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாங்கள் இருக்கும் பெர்ன்ஹில்லிலிருந்து மினிபஸ் பிடித்து மார்க்கெட்டுக்குப் போனேன். மத்தியானமே மூடுபனி இறங்கியிருந்தது. அந்த டைலர்தான் வருஷக்கணக்காகக் கிளப் ஆட்களுக்கு யூனிஃபார்ம் தைப்பவர். பழக்கதோஷத்தில் பழைய நோட்டைப் பார்த்துத் தைத்துவிட்டார் என்று வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். கடையில் கோட்டை மேசைமேல் போட்டு, "இது என்னங்க வேலை?" என்று கத்தினேன்.

அவர் நிதானமாக ஊசியைக் குத்திவைத்தார். "கோவிச்சுக்காதீங்க அம்மிணி. பழைய மாதிரியே வேணும், பை வேண்டாம்னு அப்பாதானுங்க சொன்னாரு. உக்காந்து சாப்பிடப் போறவருக்குப் பை வேண்டாமுங்களான்னு நானே கேட்டனுங்க. 'உக்காருவனான்னே தெரியல'ன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாருங்க."

பேரர் கோட்டுக்கு ஏன் பை கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஸ்பூனோ ஃபோர்க்கோ உள்ளே போய்விடக் கூடாதென்று. கை ஏன் குட்டை என்பதும் தெரியும். சூப்பில் நனையக் கூடாதென்று.

கோட்டோடு வீடு திரும்பும்போது மணி நாலரை. கப்பலில் எங்கள் மேசையில் யார் யார் உட்காருகிறார்கள் என்று ஆறு மணிக்குள் தம்பி பெயர் கொடுத்தாக வேண்டும். கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான். எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கும் மூளைக்கும் சம்பந்தம் இருக்காது.

"இந்தக் கோட்டைப் போட்டுட்டுப் போனீங்கன்னா அங்க இருக்கறவங்க உங்ககிட்டத்தானுங்க தண்ணி கேப்பாங்க!"

சொன்ன அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்பா ஸ்வெட்டர் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தார்.

"கேட்டா ஊத்திக் குடுத்துட்டுப் போறேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாப்பாட்டு ரூமுக்குள்ள என் காலு நிக்கத்தான் நிக்கும் அம்மிணி. ஒரு நாளாச்சும் அங்க உக்காந்திருக்கனா? அவன் தட்டைக் கொண்டாந்து வெச்சா நான் எந்திரிச்சுருவேன். அத்தன பேர் முன்னால அவனுக்கு அசிங்கமாப் போகும். இந்தக் கோட்டுன்னா நின்னாலும் வித்தியாசமாத் தெரியாது" என்றார்.

மகனுடைய வேலையை நினைத்து வெட்கப்படுகிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவர் பயந்தது தன்னைப் பற்றி. எனக்கு அழுகை வந்தது. அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று மடக்கு மேசையை இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்க. பழகிப் பாக்கலாம்."

உட்கார்ந்தார். சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் வைத்துத் தட்டைக் கொண்டுவந்தேன். கிட்டே வருவதற்குள் எழுந்துவிட்டார். "இடது பக்கமா வெக்கணும்" என்று வேறு சொன்னார். இரண்டாவது முறை பாதி எழுந்தார். ஒரு கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது. மூன்றாவது முறை தோளை அழுத்திப் பிடித்தேன். என் கைக்குக் கீழே அவர் தோள் எழும்பப் பார்த்தது.

அப்போதுதான் போன் அடித்தது. வீடியோ கால். டம்ளர் மேல் சாய்த்துவைத்தேன். தம்பி வேலைக்குத் தயாராகி நின்றான்: கழுத்து மூடிய வெள்ளைக் கோட்டு, பை கிடையாது. நான் நாற்காலி முதுகில் போட்டிருந்த கறுப்புக் கோட்டை அவனும் பார்த்துவிட்டான். முகம் மாறியது.

"பேர் குடுக்கட்டாக்கா, வேண்டாமா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் போனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல என்னிடம்தான் சொன்னார்: "அவன் கை நீளமா இருக்குது. சூப்புல படும். மடிச்சுத் தெச்சுக்கச் சொல்லு."

நான் வாயைத் திறக்கவில்லை. நாலு வருஷத் தபால் வேலையை அந்த நிமிஷம் விட்டுவிட்டேன். அவன் துண்டித்துவிடுவான் என்று நினைத்தேன். தம்பி தன் கையைத் தூக்கிப் பார்த்தான்.

"மடிச்சுக்கறனுங்கப்பா" என்றான்.

அப்பா தொண்டையைக் கனைத்தார். "அங்க மெனு வாயில சொல்லுவியா, கார்டு குடுப்பியா?"

"கார்டுதானுங்கப்பா. கையில குடுப்பேன்."

"சரி" என்றார் அப்பா. அவ்வளவுதான். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வைத்தான்.

பெயர் கொடுப்பானா என்று எனக்குப் புரியவில்லை. அப்பா எழுந்து செருப்பை மாட்டினார். கோட்டை மடித்துப் பார்சல் தாளில் சுற்றினார். எங்கே என்று கேட்டேன்.

"டைலர்கிட்ட. கழுத்தும் கையும் இப்படியே இருக்கட்டும். உள்ள ஒரு பை மட்டும் வெக்கச் சொல்லணும்."

"எதுக்குங்கப்பா?"

"கண்ணாடி வெக்க. அவன் கார்டை நீட்டுனா நான் படிக்கணுமில்ல?"