பத்தால் பெருக்கிய எண்

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குச் சண்டைக்கோழி என்று பெயர். குடித்துவிட்டு வந்து கையைப் பிடித்தவனை, ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய்களை வைக்கும் இரும்பு ஸ்டாண்டாலேயே மூக்கில் அடித்தவள். புருஷன் கை நீட்டிய அன்றே அவன் துணிமணியைத் தெருவில் எறிந்தவள். வரவேற்பு மேசையில் உட்காரும் நானே அவளிடம் பயந்துதான் பேசுவேன். ஆனால் இருபது வருஷமாக, ரத்தம் எடுத்துச் சோதிக்கும் வேலையில் ஒரு குறை கிடையாது.

யானைக்கும் அடி சறுக்கும். அவளுக்குச் சறுக்கியது ஒரு லாரி மெக்கானிக்கின் மனைவி விஷயத்தில்.

அந்த அம்மாவுக்குச் சினைப்பையில் புற்றுநோய். மருந்து கேட்கிறதா, ஆள் தேறுவாரா என்பதை ரத்தத்தில் வரும் ஓர் எண்ணை வைத்து டாக்டர் கணிப்பார். இறங்கினால் நல்லது, ஏறினால் மருந்தை மாற்ற வேண்டும். எங்கள் கிழட்டு மெஷின் ஐநூறுக்கு மேல் காட்டாது. அதனால் ஒரு பங்கு ரத்தநீரில் ஒன்பது பங்கு வேறு திரவம் கலந்து வைத்து, வருகிற எண்ணைப் பத்தால் பெருக்கி எழுத வேண்டும். அன்று பெருக்க மறந்தாள். போன மாதம் ஐநூற்று எண்பது. இந்த மாதம் அறுபத்திரண்டு என்று சீட்டு போனது. மெக்கானிக் எங்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தான்.

இரண்டு நாள் கழித்து நோட்டைப் புரட்டியவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடுத்த மாசம் தானா தெரிஞ்சிடும். வாய மூடிக்கிட்டு இரு," என்றார் மேலாளர்.

"அதுவரைக்கும் கேக்காத மருந்தையே ஏத்துவாங்க. செத்தா நீங்களா வந்து தூக்குவீங்க?" என்று கத்திவிட்டு, அவளே மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

அரை மணியில் மெக்கானிக் ஸ்பானரோடு வந்தான். கண்ணாடிக் கதவு நொறுங்கியது. என் மேசை கவிழ்ந்தது.

"எம் பொண்டாட்டி பொழச்சிட்டாள்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனேடி!"

விழுந்த அடியில் அவள் பல் தெறித்து என் காலடியில் வந்து விழுந்தது. முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். கைக்கு எட்டும் தூரத்தில்தான் அந்த ஸ்டாண்டு இருந்தது. அவள் தொடவில்லை. போலீசைக் கூப்பிடப் போனை எடுத்த என்னை முறைத்தாள். அவள் திருப்பி அடிக்காததைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

"அடிங்க," என்றாள், வாயெல்லாம் ரத்தம். "ஆனா இன்னைக்கே மறுபடி எடுத்துப் பாக்கணும். அவங்களக் கூட்டிட்டு வாங்க."

மனைவி பின்னாலேயே ஆட்டோவில் வந்திருந்தார். முடி கொட்டிய தலையில் துணி. ஸ்பானரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

"கை நடுங்காம எடுப்பியாம்மா?"

அடி வாங்கியவளுக்கு ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. ஆனாலும் ஒரே குத்தில் எடுத்தாள்.

அதே ஒன்பது பங்கு திரவம் கலந்து மெஷினில் வைத்து, ஒரு மணி நேரம் காத்திருந்தாள். மெஷின் அறுபத்து நான்கு என்று காட்டியது. அவள் பேனாவை எடுத்தாள். மெக்கானிக் அவள் காலடியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"அக்கா, இந்த ஒரு தடவ மட்டும் பத்தால பெருக்காம விட்டுடுங்கக்கா."

"நீ எழுதும்மா," என்றார் மனைவி. "எனக்கு மருந்த மாத்தணும்."

அறுநூற்று நாற்பது என்று எழுதினாள்.