பருத்திக்குள் பிள்ளை

சிலமலைச் செல்லக்கிளியைச் சிடுமூஞ்சி என்பார்கள். அப்படிச் சொன்ன வாயில் மண் விழ! பக்கத்து வீட்டுக்காரி நான். எனக்குத் தெரியாதா அவளை?

அவளும் புருஷன் ராக்கையாவும் முதலில் மலைமேல் ஏலத்தோட்டத்தில் கூலிக்கு இருந்தவர்கள். தலைப்பிள்ளையை அங்கே மலைக்காய்ச்சலுக்கு வாரிக் கொடுத்துவிட்டு, இனி மலையேறுவதில்லை என்று கீழே வந்து, வீட்டை ஒட்டிய புஞ்சைக் காட்டைக் குத்தகைக்குப் பிடித்துப் பருத்தி போட்டார்கள். ஐம்பத்து நாலாம் வருஷம் நல்ல வெள்ளாமை.

பங்குனியில் ஒருநாள் மத்தியானமே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. வெடித்த பருத்தி நனைந்தால் பழுப்பேறிப் போகும். தெருப் பெண்கள் எல்லாரும் காட்டில் இறங்கினோம். எடுப்புக் காலத்தில் கைப்பிள்ளைகளை வீட்டுக்குள் குவித்த பருத்தி மேல்தான் உறங்கப் போடுவோம். செல்லக்கிளியும் எட்டு மாத மகனை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். காட்டில் நின்ற ராக்கையாவுக்கு அது தெரியாது.

நாங்கள் எடுத்து எடுத்துக் கட்டினோம். அவன் ஒருத்தன்தான் மூட்டைகளைச் சுமந்துபோய், வாசற்படியில் நின்றே பருத்தி குவித்த அந்த இருட்டறைக்குள் உதறிவிட்டு ஓடி வந்தான். முதல் தூறல் விழுந்தபோது செல்லக்கிளி அவனிடம் கேட்டாள்:

"புள்ளைய எங்க மாத்திப் போட்டீக?"

"எந்தப் புள்ளைய?"

ஐயோ, அவள் ஓடிய ஓட்டம்! அறையில் இடுப்பளவு பருத்தி.

"யாரும் கால வைக்காதீக! மிதிச்சுப்புடாதீக!" என்று கத்திக்கொண்டே வாரி வாரி வாசலில் வீசினாள். வெளியே மழை கொட்டியது.

"நனையுதே!" என்றாள் ஒருத்தி.

"நனையட்டும்டி!"

ராக்கையா மண்டியிட்டு இரண்டு கையாலும் தோண்டினான். பிள்ளை அழுதாலும் பருத்திக்குள்ளிருந்து சத்தம் வராதே! கடைசியில் ஒரு கால் தட்டுப்பட்டது. இழுத்தாள். முகம் நீலம் பாரித்திருந்தது. வாய்க்குள் விரலை விட்டுப் பஞ்சை எடுத்து, குப்புறப் பிடித்து முதுகில் தட்டினாள். மறுபடி தட்டினாள். வீலென்று அழுதான் பிள்ளை.

எங்களுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. வாசல் சேற்றில் பாதிப் பருத்தி மிதந்தது. சத்தம் கேட்டு அடுத்த தெருவிலிருந்து ஓடி வந்த ஆயம்மாள் வாயில் அடித்துக்கொண்டாள்.

"பச்சப்புள்ள மேல எந்தப் பாவி இம்புட்டையும் கொட்டுனது?"

ராக்கையா தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாயைத் திறக்கப் போனான்.

"நாந்தேன் கொட்டுனேன்" என்றாள் செல்லக்கிளி. "போங்க, அவுகவுக சோலியப் பாத்துக்கிட்டு."