பொன்னுதுரையும் பின்லாந்தும் ஒத்துப்போன கதை

கப்பலிலிருந்து மூட்டை இறங்கும்போது அதை இரண்டு பேர் எண்ணுவார்கள். ஒருவர் கப்பலின் சார்பில், இன்னொருவர் கரையின் சார்பில். இருவருக்கும் டாலி கிளார்க் என்று பெயர். ஆளுக்கொரு அட்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று, ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எண்ணுவார்கள். ஷிப்ட் முடியும்போது இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது.

பொன்னுதுரை அண்ணாச்சி தூத்துக்குடியில் ஒரு சரக்கு ஏஜென்சிக்காக முப்பத்தொரு வருடம் கரைப்பக்கம் நின்று எண்ணியவர். சிமெண்ட் மூட்டையில் அவர் கணக்கு 4,812, எதிரே நின்றவர் கணக்கு 4,806 என்றால் இருவரும் டீக்கடைக்குப் போவார்கள். டீ ஆறுவதற்குள் 4,809 என்று முடிவாகிவிடும். இருவருமே எண்ணாத அந்த எண்ணின் கீழ் இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். கப்பல் கிளம்பிவிடும். அவரைப் பொறுத்தவரை அது பொய்யில்லை, மரியாதை. எதிராளியின் கண்ணையும் நம்பினேன், என் கண்ணையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பார்.

இந்த வேலையில் அவருக்கு ஒரே ஒரு மனக்குறைதான். அவர் கையெழுத்து மட்டும் தனியாக ஒரு காகிதத்திலும் செல்லுபடியானதில்லை. பக்கத்தில் இன்னொருவன் போட்டால்தான் அது கையெழுத்து. அவருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாம் சூப்பர்வைசராகி ஒற்றைக் கையெழுத்துப் போட்டார்கள். அவர் கடைசி நாள் வரை ஜோடியாகவே போட்டுவிட்டு ஓய்வு பெற்றார்.

ஓய்வு பெற்றபோது ஏஜென்சி தன் பழைய கணினிகளை ஏலம் விட்டது. ஒரே ரகத்தில் பதினொன்றை அண்ணாச்சி எடுத்துக்கொண்டு வந்து, முத்தையாபுரம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு மாடியில் கணினிப் பயிற்சி மையம் தொடங்கினார். துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கும் இடங்களுக்குப் போடுவதுபோல, கணினிகளுக்கு முதல் பெர்த், இரண்டாம் பெர்த் என்று பெயிண்டில் எழுதினார். காலையில் இரண்டு மணி நேரம் பிள்ளைகள் வந்து டைப் அடித்துவிட்டுப் போவார்கள். மற்ற நேரமெல்லாம் பதினோரு பெர்த்தும் காலி. காலியாகக் கிடக்கும் பெர்த்தைப் பார்த்துக்கொண்டு உட்கார அவரால் முடியவில்லை.

அப்போதுதான் செய்தித்தாளில் ஒரு துணுக்கு படித்தார். ஐரோப்பாவில் ஓர் ஆய்வுக்கூடம் மலேரியாக் கிருமியின் ஒரு புரதத்தில் எந்த மருந்து மூலக்கூறு நன்றாக ஒட்டும் என்று தேடுகிறது. லட்சக்கணக்கான மூலக்கூறுகளைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். உலகத்தில் யார் வீட்டிலாவது கணினி சும்மா இருந்தால், ஒரு சின்ன மென்பொருளைப் போட்டுவிட்டால் போதும். கணக்கு சிறு பொட்டலமாக வந்து இறங்கும், கணினி அதைப் போட்டு முடித்து விடையைத் திருப்பி அனுப்பும்.

"சரக்கு வருது, இறங்குது, போகுது" என்றார் அண்ணாச்சி, தன் மனைவி ஷெர்லி டீச்சரிடம். "இதுல கூலி கிடையாது, அதனால ஸ்ட்ரைக்கும் கிடையாது."

"மருந்துக்குன்னு சொல்லுதிய. செய்யுங்க" என்றார் டீச்சர்.

டீச்சர் எனக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். நான் ஆறு வருடம் வெளியே சுற்றிவிட்டு ஊர் திரும்பி, அடுத்த டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில், தெருவில் என்னைப் பிடித்தார். "உனக்கு இங்கிலீஷ் கடுதாசி எழுத வருமில்லா. அண்ணாச்சிக்கு ஒண்ணு எழுதணுமாம். மூணு நாளா வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்காவ. வந்து பாரு."

மாடிக்குப் போனேன். அண்ணாச்சி உண்மையிலேயே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். மேஜையில் ஓர் அச்செடுத்த மின்னஞ்சல். அதில் ஒரு வரியின் கீழ் சிவப்புப் பென்சிலால் மூன்று கோடு.

"ஏளா ப்ரியா, இதுக்குச் சம்மதம்னு நல்ல இங்கிலீஷ்ல எழுதிக் குடு. நான் எழுதினா சரக்கு வந்து சேந்துட்டுன்னு எழுதிருவேன்."

படித்தேன். ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு விதமான கணினிகள் இருக்கின்றன. ஒன்று கிரிட். பல நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆயிரக்கணக்கான கணினிகளைச் சேர்த்துக் கட்டிய வலை. அவை நம்பிக்கைக்குரியவை, ஒரு கணக்கை ஒரு தடவை போட்டால் போதும். இன்னொன்று அண்ணாச்சியைப் போன்ற தன்னார்வலர்களின் மேஜைக் கணினிகள். அவற்றை யாரும் நம்புவதில்லை. அதனால் ஒரே பொட்டலத்தை முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு அனுப்புவார்கள். இரண்டு விடையும் ஒத்துப்போனால் எடுத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் மூன்றாவது ஒருவருக்கு அனுப்புவார்கள். இப்போது இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஒரு பாலம் போடுகிறார்கள். நன்றாக வேலை செய்த சில தன்னார்வலர்களை நேரடியாகக் கிரிட்டில் சேர்க்கப்போகிறார்கள். சிவப்புக் கோடு போட்ட வரி இதுதான்: ‘இனி உங்கள் விடைகளுக்கு இரண்டாவது சரிபார்ப்பு தேவைப்படாது.’

"ஒத்தக் கையெழுத்து" என்றார் அண்ணாச்சி.

அவர் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் கடிதத்தை ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம் என்றுதான் இருந்தது. ஆனால் மின்னஞ்சலில் இன்னொரு வரி இருந்தது. கடந்த ஆறு மாதத்தில் உங்கள் விடைகளில் 99.6 சதவீதம் ஒத்துப்போயிருக்கின்றன, தன்னார்வலர்களில் இதுவே அதிகம்.

"பழைய கம்ப்யூட்டருல்லா அண்ணாச்சி. எப்படி இவ்வளவு ஒத்துப்போச்சு?"

"அதுவா போகுமா? நாங்கதான் ஒத்துப்போனோம்."

"யாரு நாங்க?"

"நானும் ஆர்வோ அண்ணாச்சியும்."

ஆர்வோ பின்லாந்தில் ஓர் ஓய்வுபெற்ற தபால்காரர். எழுபத்தொரு வயது. அண்ணாச்சியின் பதினோரு கணினிகள் எந்த ரகமோ அதே ரகத்தில் அவரிடம் ஒன்பது இருந்தன. தபால் நிலையம் கழித்துவிட்டதை அவர் வாங்கியிருந்தார். ஆய்வுக்கூடம் ஒரே ரகக் கணினிகளைத்தான் ஜோடி சேர்க்கும். இந்த ரகத்தை உலகத்தில் வேறு யாரும் வைத்திருக்கவில்லை போலிருக்கிறது. அதனால் முத்தையாபுரத்துக்கு வரும் பொட்டலமெல்லாம் பின்லாந்துக்கும் போய்க்கொண்டிருந்தது.

ஆரம்பத்தில் பத்தில் மூன்று விடை ஒத்துப்போகவில்லை. அண்ணாச்சிக்கு இது புதிய விஷயமல்ல. திட்டத்தின் இணையதளத்தில் ஜோடியாக இருப்பவரின் பெயர் தெரியும், செய்தியும் அனுப்பலாம். உடனே ஒரு கடிதம் தட்டினார். ‘மதிப்பிற்குரிய ஐயா, கூட்டு டாலி விஷயமாக’ என்று தலைப்பிட்டு, பயிற்சி மையத்தின் வட்ட முத்திரையைக் குத்தி, ஸ்கேன் செய்து இணைத்தார். முத்திரையைப் பார்த்த ஆர்வோ, நம் அண்ணாச்சியை ஆய்வுக்கூடத்தின் அதிகாரி என்று நினைத்துக்கொண்டார். தபால்காரருக்கு முத்திரைக்குப் பணிந்துதான் பழக்கம். சொன்னபடி செய்வதாக அன்றைக்கே பதில் போட்டார்.

நடைமுறை எளிமையானது. இருவரும் கணக்கு முடிந்ததும் விடையை அனுப்பாமல் நிறுத்திவைப்பார்கள். மாலை நாலரைக்கு ஒருவருக்கொருவர் எண்ணைச் சொல்லுவார்கள். வேறுபட்டால், இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, அந்த எண்ணை இருவரும் விடைக் கோப்பில் திருத்தி அனுப்புவார்கள். நாலரை மணி பின்லாந்தில் மதியம் ஒன்றோ இரண்டோ. அவர் அந்த நேரத்தில் காபி குடிப்பார், இவர் டீ குடிப்பார்.

"ஆறு மாசமா?"

"ஞாயித்துக்கிழமை கிடையாது. அவியளும் கோயிலுக்குப் போறவிய."

அலமாரியைத் திறந்து ஒரு நீளவாக்கு நோட்டை எடுத்துக் கொடுத்தார். பக்கத்துக்கு மூன்று பத்தி. என் எண், அவர் எண், ஒத்துக்கொண்ட எண். தேதி, பெர்த், பொட்டலத்தின் பெயர், கடைசியில் அவருடைய சின்னக் கையெழுத்து. இவ்வளவு சுத்தமாகச் செய்யப்பட்ட ஒரு தப்பை நான் பார்த்ததில்லை.

மின்னஞ்சலின் அடியில், நல்ல செய்தி என்று இன்னொரு பத்தி இருந்தது. ஒட்டும் எண் ஒன்பதுக்கு மேல் வந்த மூலக்கூறுகளை அடுத்த திங்கட்கிழமை சோதனைக்கூடத்தில் தயாரிக்கச் சொல்லப்போகிறார்கள், அதில் ஒன்று அண்ணாச்சியும் ஆர்வோவும் கணக்கிட்டது. நோட்டில் தேடினேன். என் எண் 12.4. அவர் எண் 6.2. ஒத்துக்கொண்ட எண் 9.3. ஏழாம் பெர்த்.

"அண்ணாச்சி, இந்த மருந்து ஒட்டும்னு உங்க கம்ப்யூட்டர் சொன்னதை நம்பலாமா, ஒட்டாதுன்னு அவர் கம்ப்யூட்டர் சொன்னதை நம்பலாமா?"

"ரெண்டையும் நம்பித்தான இந்த எண்ணு வந்திருக்கு."

"ரெண்டுமே இந்த எண்ணைச் சொல்லலியே."

"4,809-ம் யாரும் சொல்லலதான். அந்தச் சிமெண்ட்ல கட்டின வீடு எல்லாம் நிக்கத்தான செய்யுது."

ஷெர்லி டீச்சர் அதுவரை ஜன்னலோரம் நின்று வெளியே பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார். "பரீட்சைல ரெண்டு பிள்ளைய பேசிவச்சு ஒரே விடையை எழுதினா நான் என்ன போடுவேன்?"

"முட்டை."

"ரெண்டு பேரு விடையும் வேற வேறயா இருந்து, நடுவுல ஒண்ணைப் பிடிச்சு எழுதினா?"

"அப்ப மட்டும் மார்க்கு கூடவா போடப்போற?"

"தெரியுதுல்லா. நோட்டை மூடுங்க."

அண்ணாச்சி நோட்டை என்னிடமிருந்து வாங்கினார், மூடவில்லை. ஏழாம் பெர்த்தின் வரிகளை மட்டும் விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே வந்தார். எல்லா வரியிலும் அவருடைய எண் ஆர்வோவின் எண்ணுக்கு மேலேயே இருந்தது. எழுந்து போய் ஏழாம் பெர்த்தின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். அது ஜன்னலுக்கு நேரே இருப்பது. உள்ளே விசிறி சுற்றவில்லை, உப்புக்காற்றில் துரு பிடித்துப் போயிருந்தது. ஆறு மாதமாக அந்தக் கணினி கொதிக்கக் கொதிக்கத் தப்புக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிப்பதற்கென்றே செய்யப்பட்ட ஏற்பாட்டை இவர்கள் இருவரும் நாலரை மணிக்குச் சரிக்கட்டிவிட்டார்கள்.

"சண்டை போட்டிருக்கணும்" என்றார் அண்ணாச்சி. "ஆர்வோகிட்ட ஒரு நாளாவது, உன் எண்ணு தப்பு வே, இல்ல என் எண்ணு தப்புன்னு நின்னிருந்தா இது அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

"இப்ப சம்மதம்னு எழுதவா, வேண்டாமா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எனக்கே தெரிந்தது.

"எழுதலேன்னா என்ன ஆகும்?"

"எழுதலேன்னா ஒண்ணும் ஆகாது. வேற ஆளைச் சேத்துக்கிடுவாங்க. உண்மையை எழுதினா உங்களை மொத்தமா எடுத்துருவாங்க. சும்மா சம்மதம்னு எழுதினா கிரிட்ல இருப்பீங்க."

"அந்த மருந்தைச் செய்வானா?"

"திங்கக்கிழமை சொல்லிருவாங்க."

சட்டையின் கைப்பட்டனைக் கழற்றி இரண்டு மடிப்பு மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று வெள்ளிக்கிழமை. எனக்குச் சென்னைக்கு ரயில் இருந்தது. போகவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு தடவை போட்டேன், இரண்டையும் எடுக்கச் சொன்னார். "சரக்குல குறை வந்தா நாங்க மன்னிப்பு கேக்க மாட்டோம். என்ன குறை, எந்தப் பெட்டி, எந்தத் தேதின்னு அறிக்கை குடுப்போம். அதை எழுது." அப்படியே எழுதினோம். ஏழாம் பெர்த் ஆறு மாதமாகப் பழுது, 412 விடைகள் கணக்கிடப்பட்டவை அல்ல, பேசி முடிவு செய்யப்பட்டவை, அசல் எண்கள் இரண்டும் இணைப்பில் உள்ளன. நோட்டின் முப்பத்தேழு பக்கத்தையும் ஸ்கேன் செய்தோம். ஒவ்வொரு பக்கத்திலும் அவர் முத்திரை குத்தினார். வேண்டாம் அண்ணாச்சி, அந்த முத்திரையாலதான் இவ்வளவும் வந்தது என்றேன். "ஆறு மாசமா நான் செஞ்ச வேலையில இந்த நோட்டு ஒண்ணுதான் உண்மை. இதுல குத்தாம வேற எதுல குத்த?" என்றார்.

ஆர்வோவுக்கும் ஒரு பிரதி போனது. அவர் ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார். நீங்கள் அதிகாரி இல்லையா என்று கேட்டிருந்தார். பிறகு தன்னிடமும் ஒரு நோட்டு இருப்பதாகவும், அதையும் அனுப்பிவிட்டதாகவும் எழுதியிருந்தார்.

ஆய்வுக்கூடத்தின் பதில் செவ்வாய்க்கிழமை வந்தது. நான் வாசித்துச் சொன்னேன். அந்த மூலக்கூறைக் கிரிட்டில் மூன்று தடவை கணக்கிட்டார்கள், 6.2. பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். நோட்டுகள் கிடைத்ததால் 412 பொட்டலங்களை மட்டும் திரும்பப் போட்டால் போதும். இல்லையென்றால் ஆறு மாத வேலை முழுவதையும் கொட்டியிருக்க வேண்டும். கிரிட்டில் சேர்க்கும் அழைப்பு ரத்து. அவர் தொடர்ந்து வேலை செய்ய விரும்பினால் செய்யலாம், ஆனால் ஓராண்டுக்கு அவருடைய ஒவ்வொரு விடையும் இரண்டு இடத்தில் சரிபார்க்கப்படும். ஒன்று இன்னொரு தன்னார்வலர், மற்றொன்று கிரிட். விடைகளைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது.

"அப்ப என்னோட சேத்து மூணு கையெழுத்து" என்றார் அண்ணாச்சி.

"ஆமா."

"ஒண்ணு கேட்டேன். மூணு குடுத்திருக்கான்."

டீச்சர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணாச்சி அவரை முறைத்தார். பிறகு ஏழாம் பெர்த்தின் மின்கம்பியைப் பிடுங்கி, அந்தக் கணினியைத் தூக்கிக்கொண்டுபோய் மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டு வந்தார். மூச்சு வாங்கியது.

முதல் பெர்த்தில் ஒரு பொட்டலம் முடியும் தறுவாயில் இருந்தது. விடையை நிறுத்திவைக்கும் அமைப்பை எப்படி எடுப்பது என்று கேட்டார். காட்டினேன். அவரே எடுத்தார். திரையில் பச்சைக்கோடு நூறைத் தொட்டது, உடனே அந்த வரி காணாமல் போனது.

"எங்க?"

"ஆய்வுக்கூடத்துக்குப் போய்ட்டு அண்ணாச்சி."

"என்ன எண்ணுன்னே பாக்கலியே."

"பாக்க முடியாது இனிமே."

அடுத்த பொட்டலம் தானாக இறங்கத் தொடங்கியது. அவர் நாற்காலியை இரண்டாம் பெர்த்துக்கு நகர்த்திக்கொண்டு போனார்.