மணலுக்குள் போன மஞ்சள் மீன்

சென்ற ஆண்டு ஐப்பசி மழையின்போது சென்னை முடிச்சூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. 2015 வெள்ளத்தில் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்ற வீடு. அதனால் கனமழை எச்சரிக்கை என்று செய்தியில் சொன்னாலே எங்கள் தெருவில் எல்லோரும் சாமான்களை மாடிக்கு ஏற்ற ஆரம்பித்துவிடுவோம். கார் வைத்திருப்பவர்கள் மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திவிட்டு ஆட்டோ பிடித்துத் திரும்புவார்கள். எனக்குக் கார் இல்லை. அந்த முறை நான் மாடிக்கு ஏற்ற வேண்டியிருந்தது மீன்களை.

அதைச் சொல்லும் முன் அந்த மீன்கள் எப்படி வந்தன என்று சொல்ல வேண்டும். எங்கள் திருமண நாளுக்கு மகள் வாங்கித் தந்தது அந்தக் கடல்மீன் தொட்டி. ஆர்.ஓ. தண்ணீரில் அதற்கென்று விற்கும் உப்பைக் கலந்து, சரியான அளவில் இருக்கிறதா என்று கருவியில் பார்த்துப் பார்த்து வைத்திருக்க வேண்டும். அளந்து பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை என்பதால் மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டேன். மீன் வாங்கச் சேலையூரில் ஒரு கடைக்கு நானும் மனைவியும் போனோம். நீல நிறத்தில் சின்னச் சின்ன மீன்கள் ஒரே மாதிரி நீந்திக்கொண்டிருந்தன. பத்து வாங்கிவிடலாம், எண்ணவும் நன்றாக இருக்கும் என்றேன். கடைக்காரர் தலையை ஆட்டினார்.

"அது ரவுடி சார். பாக்கத்தான் அழகு. மத்த மீன எல்லாம் கடிச்சு வெரட்டிடும்."

என் மனைவி எதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு கண்ணாடித் தொட்டியாக நின்று விரலை வைத்தாள். எந்த மீன் விரலைப் பார்த்துக் கிட்டே வந்ததோ, அதைக் காட்டினாள்.

"ஏங்க, அழகுக்குன்னா சுவத்துல படம் மாட்டிக்கலாமே. நாம பாக்கறப்ப நம்மளத் திரும்பிப் பாக்கற மீனு வேணும்."

அப்படி வந்தவை நான்கு. ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட க்ளவுன் மீன் ஒரு ஜோடி. அதில் பெரியது பெண், அது அதட்டினால் சின்னது உடம்பை உதறிப் பணிந்துபோகும். 'மேனேஜரும் கிளார்க்கும்' என்று பெயர் வைத்தாள். பாறைமேல் முன்துடுப்பை ஊன்றி உட்கார்ந்து, அறைக்குள் யார் வந்தாலும் கண்ணை உருட்டிப் பார்க்கும் பழுப்பு ப்ளென்னி மீன் ஒன்று, அது 'வாட்ச்மேன்'. நான்காவது ராஸ் என்ற வகையில் மஞ்சளாக, விரல் நீளத்தில் ஒரு மீன். அதற்குப் பெயரே வைக்கவில்லை, 'வாடி' என்று கூப்பிட்டால் போதும் என்றாள். அவள் விரல் கண்ணாடியில் எங்கே நகர்ந்தாலும் அது கூடவே நகரும். இவற்றோடு சங்கு நண்டு மூன்று. ஆக ஏழு. தினமும் காலையில் காபி குடிப்பதற்குள் ஏழையும் எண்ணிவிடுவேன்.

சில மாதங்களில் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. நாவலூரில் மகளின் அடுக்குமாடி வீட்டில் லிஃப்ட் உண்டு என்பதால் அங்கேயே தங்கினாள். வலி அதிகம். நடக்கவே மாட்டேன் என்று படுத்துவிட்டாள். பிசியோதெரபி சொல்லித்தரும் பெண் கெஞ்சியும் கேட்கவில்லை. கடைசியில் மகள்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். வீடியோ காலில் என்னை மஞ்சள் மீனைக் காட்டச் சொல்லி, போனைக் கூடத்தின் கோடியில் வைத்துவிடுவாள். மீனைப் பார்க்க வேண்டுமென்றால் அதுவரை நடக்க வேண்டும். முனகிக்கொண்டே, வாக்கரைப் பிடித்துக்கொண்டு என் மனைவி நடந்தாள். அந்த ஒரு மீனை நம்பித்தான் அவள் நடை இருந்தது.

இந்த நிலையில்தான் மழை எச்சரிக்கை வந்தது. மழைத் தண்ணீர் தொட்டிக்குள் புகுந்தால் கடல்மீன் பிழைக்காது. மத்தியானமே வாளிகளைக் கழுவி வைத்து, தொட்டியிலிருந்து பாதித் தண்ணீரை மொண்டு ஊற்றி, வலையை எடுத்தேன். மாடிக்குத் தூக்க உதவிக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். வாளியை எட்டிப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்தார்.

"இன்னா சார் இது? வெள்ளம் வருதுன்னு மனுசன் ஏறுவான், மாடு ஏறும். மீன ஏத்திகினு கீறியே!"

"இது உப்புத் தண்ணி மீனுங்க. மழைத்தண்ணி ஆகாது."

"அதான பாத்தேன். ரொம்ப பேஜார் புடிச்ச மீனா கீது சார்."

மேனேஜர் வந்தது, கிளார்க் வந்தது. வாட்ச்மேன் பாறையிடுக்கில் புகுந்துகொண்டு அரை மணி நேரம் அலைக்கழித்தது. நண்டுகளைக் கையாலேயே எடுத்தேன். எண்ணினேன். ஆறு. மறுபடி எண்ணினேன். ஆறுதான். மஞ்சளைக் காணவில்லை.

பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். அடியில் பரப்பிய மணல்தான் தெரிந்தது, மீன் இல்லை. அப்போதுதான் மூடியைத் திறந்துபோட்டே வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. இந்த மீன் துள்ளும் என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார். வலைக்குப் பயந்து வெளியே குதித்திருக்க வேண்டும். சோபாவை நகர்த்தினோம். டி.வி. மேசைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தோம். பக்கத்து வீட்டுக்காரர் பாயைச் சுருட்டி உதறிக்கூடப் பார்த்தார்.

"பூனை கீனை தூக்கினு பூட்ச்சோ சார்?"

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மின்சாரமும் நின்றது. ஆறு உயிர்களையும் மாடியில் வைத்து, பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தபோது மனைவியின் அழைப்பு வந்தது.

"எங்க, காட்டுங்க அவள."

"கரண்ட் இல்ல. ஒரே இருட்டு. நாளைக்குக் காட்டறேன்."

"பத்திரமா இருக்காளா?"

"ம்" என்றேன். அந்த ஒரு எழுத்தைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கடைக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. இதே மாதிரி மஞ்சள் மீன் இன்னொன்று வாங்கி விட்டுவிடலாம் என்றுதான் யோசனை. ஆனால் நிறத்தைச் சொல்லி வாங்கலாம். அவள் விரலைப் பார்த்து ஓடிவரும் குணத்தை என்னவென்று சொல்லிக் கேட்பது?

நல்லவேளையாக மழை விட்டது. தண்ணீர் எங்கள் கேட் படி வரைக்கும் வந்து, மேலே ஏறாமல் நின்று, மறுநாள் காலையில் வடிய ஆரம்பித்தது. மின்சாரமும் வந்தது. பாறைகளைத் தொட்டியில் திரும்ப அடுக்கி, வாளித் தண்ணீரோடு ஆறு பேரையும் இறக்கி விட்டு நிமிர்வதற்குள் போன் அடித்தது. திரையில் மனைவி, கூடத்தின் கோடிக்கு ஏற்கெனவே நடந்து வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"அதக் காணோம். நேத்து மத்தியானத்துலேர்ந்து காணோம். குதிச்சிருக்கும்னு நெனைக்கறேன்."

அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"மண்ணக் கிளறினீங்களா?"

"இல்லையே."

"அப்பாடா. தொடாதீங்க. உள்ளதான் இருப்பா."

"மண்ணுக்குள்ளயா?"

"தெனமும் சாயங்காலம் மண்ணுக்குள்ள பூந்துதாங்க தூங்கறா. நான் மிக்ஸி போட்டாக்கூட உள்ள ஓடிடுவா. நீங்க வலைய விட்டுக் கலக்கினா வெளிய வருவாளா? இத்தன மாசமா கூடவே இருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?"

எனக்கு எப்படித் தெரியும்? சாயங்காலம் நான் நடைப்பயிற்சிக்குப் போய்விடுவேன். காலையில் ஏழு என்று எண்ணி முடித்ததும் செய்தித்தாளை எடுத்துவிடுவேன்.

"லைட்டப் போட்டுட்டு ஒரு சேரப் போட்டு உக்காருங்க. எண்ணாம சும்மா பாருங்க. நானும் லைன்லயே இருக்கேன்."

போனைத் தொட்டிப் பக்கம் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மேனேஜர் கிளார்க்கை விரட்டிற்று. வாட்ச்மேன் பாறைமேல் ஏறி என்னையே முறைத்தது. போனுக்குள் மகள் வீட்டுக் குக்கர் விசில் கேட்டது. எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியாது. நான் கடிகாரம் பார்க்காமல் இருந்தது அன்றைக்குத்தான். இடது மூலையில் மணல் லேசாக நடுங்கியது. ஒரு மஞ்சள் மூக்கு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் மறைந்தது. பிறகு மறுபடியும் மூக்கு, கண், மணலை உதறிக்கொண்டு முழு மீன்.

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்.

"இன்னா சார் ஆச்சு?"

"வந்துடுச்சு! மண்ணுக்குள்ள இருந்திருக்கு!"

"அட, இத்தினி நேரம் தூங்கிகினு கீதா? நேத்து நான் உங்க வூட்டுப் பாய எல்லாம் ஒதறினேனே சார்!"

போனில் என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. "விரல வச்சுப் பாருங்க, வருவா" என்றாள். வைத்தேன். அது என் விரலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. எனக்கு வருத்தமே இல்லை. உயிரோடு இருந்தால் போதும், யாரிடம் வேண்டுமானாலும் போகட்டும்.

அந்த மாதக் கடைசியில் அவள் வீட்டுக்கு வந்தாள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு, நான் நீட்டிய கையைப் பிடிக்காமல், கேட்டிலிருந்து தொட்டி வரை தானே நடந்தாள். விரலை வைப்பதற்குள் மஞ்சள் மீன் கண்ணாடிக்கு வந்துவிட்டது.

இப்போதும் காலையில் ஏழையும் எண்ணத்தான் செய்கிறேன். ஆனால் சாயங்கால நடையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கிறேன். அந்த மீன் மணலுக்குள் தூங்கப் போகும் நேரத்தில், தொட்டிக்கு முன்னால் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் என் நாற்காலியும் கிடக்கிறது.