மூணு மணிச் சங்கு

பாசனத் தண்ணீரை மிச்சம் பிடிக்கும் திட்டத்தில் வேலை பார்ப்பவனிடம் இருப்பது இரண்டுதான்: சிமெண்டு, போர்டு. சிமெண்டு விரிசல் விட்டால் பூசிவிடலாம். போர்டில் எழுதியது அப்படி இல்லை. ஏதாவது ஒரு அரசாங்கத் திட்டத்தில் மாட்டி விழித்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எழுதினது நான்தான்

எண்பதுகளின் நடுவில், இராஜபாளையம் பக்கம் ஒரு கண்மாயில் நான் வொர்க் இன்ஸ்பெக்டர். வயல் வாய்க்காலுக்குச் சிமெண்டு பூசி, யாருக்கு எப்போது தண்ணீர் என்று முறைப்போர்டு நட வேண்டும். ஆபீஸ் தந்த தாள் இங்கிலீஷில், மணிக்கணக்கில் இருந்தது. அங்கே யார் கையிலும் கடிகாரம் இல்லை. பக்கத்து மில்லில் ஷிப்ட் மாற மூணு மணிக்கு ஊதும் சங்கு எல்லார் காதிலும் விழும். இரண்டு மொழி தெரிந்த மிதப்பில் நானே மாற்றி எழுதினேன்: 'வெள்ளிக்கிழமை விடிந்தது முதல் மூணு மணிச் சங்கு வரை முத்தையா, சங்கு முதல் பொழுது அடையும் வரை சீனியம்மாள்.'

சீனியம்மாளுக்குப் புருசன் இல்லை. வாய்க்கால் முடியும் கடைமடையில் முக்கால் ஏக்கர். மேலே முத்தையா தன் மடையை அடைத்தால்தான் அங்கே தண்ணீர் போகும். சீனியம்மாள் போர்டைத் தடவிப் பார்த்தார். "இனி யார்ட்டயும் கெஞ்ச வேண்டாம். சங்கு ஊதுனா என் தண்ணி."

மில் மூடியது

மறுவருசம் நெல் பால் பிடிக்கிற சமயத்தில் மில்லில் லாக்கவுட். சங்கு நின்றது. முத்தையா விடிந்ததும் திறந்த மடையைப் பொழுது அடையும் வரை அடைக்கவில்லை. அவர் நெல்லும் பால் பிடிக்கிற நெல்தான். கேட்கப் போன என்னையே போர்டை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "சங்கு ஊதட்டும் சார், மறு நிமிசம் அடைச்சிருதேன்" என்றார்.

கைக்கடிகாரம்

என் கடிகாரத்தைக் கழற்றிச் சீனியம்மாளிடம் கொடுத்தேன், சின்ன முள் மூணுக்கு வந்ததும் காட்டச் சொல்லி. அடுத்த வெள்ளி அதை உள்ளங்கையில் ஏந்தி வரப்பில் நின்றிருக்கிறார். நல்ல கடிகாரம் என்று முத்தையா திருப்பிக் கொடுத்தாராம். போர்டில் கடிகாரம் என்று எழுதவில்லையாம்.

ஒரு வரியை அழித்து எழுத ஓவர்சீயரிடம் அனுமதி கேட்டேன். எனக்கு வேலை நிரந்தரமாகாத நேரம். அவர் கெட்டவர் இல்லை, டீ வாங்கித் தந்தார். "இன்ஸ்பெக்சன் முடிஞ்ச போர்டுப்பா. அழிச்சா, முதல்ல தப்பா எழுதுனது யாருன்னு கேப்பாங்க."

மில் திறந்தது

பெயிண்ட் டப்பாவும் பிரஷும் என் அறையில்தான் இருந்தன. தொடவில்லை.

மில் மூடிய ஏழாவது வெள்ளி, மூணு மணிக்குச் சங்கு ஊதியது. முத்தையா சொன்ன சொல் தவறாமல் அடைத்தார். தண்ணீர் கசிவில்லாமல் கடைமடைக்கு வந்து வெடிப்புக்குள் இறங்கியது. சீனியம்மாள் ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்து ஊதினார். எல்லாம் பதர், ஒன்றும் மிஞ்சவில்லை. மடியிலிருந்து கடிகாரத்தை எடுத்து நீட்டினார். "நல்லா ஓடுது சார். அதும்மேல ஒரு குத்தமும் இல்ல."

டவுன் பஸ்

வடக்கே பல வருசம் இருந்துவிட்டு, ஐம்பது வயதை நெருங்கும்போது ஊர் திரும்பினேன். டவுன் பஸ்ஸில், பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்கு நடுவே சீனியம்மாள். முக்கால் ஏக்கர் முத்தையா கைக்குப் போய்விட்டதாம். சீனியம்மாள் மணிக்கட்டில் ஒரு கடிகாரம். நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார். "இங்கன கடியாரம் சொன்னா கேக்குறாக சார்."

மில் மூடிய அந்த வருசத்து அறிக்கையில், எங்கள் வாய்க்காலில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வீணாகவில்லை என்று இருக்கும். அதை எழுதினதும் நான்தான், அது பொய்யும் இல்லை.